கடலோர வாளவரையும் கருவண்டும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது எந்தக் கொடி?

கடற்கரை மணலில் படர்ந்து கிடக்கும் காட்டு அவரை. தாவரவியல் பெயர் கனவாலியா ரோசியா; பழைய நூல்களில் கனவாலியா மாரிட்டிமா என்றிருக்கும், இரண்டும் ஒன்றே. வெப்பமண்டலக் கடற்கரைகளில் உலகெங்கும் வளர்வது. சிங்கப்பூருக்கும் இது பூர்வீகக் கொடிதான். யாரும் கொண்டுவந்து நட்டதல்ல, விதை கடலில் மிதந்து வந்து கரையேறியது.

தண்டு 6 மீட்டரையும் தாண்டி ஓடும். ஒரு காம்பில் மூன்று சிற்றிலைகள். வட்டமாக, தோல்போலத் தடித்து இருக்கும். பூ இளஞ்சிவப்பு கலந்த ஊதா, ஏறத்தாழ 2.5 செ.மீ., லேசான மணம் உண்டு. காய் 10 முதல் 15 செ.மீ. நீளம், 3 செ.மீ. அகலம், தட்டையானது, முதுகோரம் வரம்பு கட்டியதுபோல் மேடு ஓடும். விதை பழுப்பு நிறம், மொச்சையைவிடப் பருமன்.

தமிழில் இதற்குப் பெயர் உண்டா?

தோட்டத்தில் வளரும் இதன் உறவுக்கொடியை வாளவரை என்றும் தம்பட்டை அவரை என்றும் சொல்கிறோம். காய் வாள்போல் நீண்டிருப்பதால் வந்த பெயர். மலாய்க்காரர்கள் அதையே கச்சாங் பாராங் என்கிறார்கள். பாராங் என்றால் வெட்டுக்கத்தி. இரண்டு மொழிக்கும் ஒரே காய் ஒரே ஆயுதத்தை நினைவூட்டியிருக்கிறது. கடற்கரையில் வளரும் இந்த இனத்தை இங்கே ‘கடலோர வாளவரை’ என்றே எழுதுகிறோம். கனவாலியா என்ற லத்தீன் பெயர்கூட மலபாரில் வழங்கிய பெயரிலிருந்து போனதுதான். அதன் வாலில் இருப்பது நம் ‘வள்ளி’, அதாவது கொடி.

எங்கள் புளோக் வேலியில் ஊதாப் பூ பூக்கிறது. அது இதுதானா?

பெரும்பாலும் இருக்காது. கம்பி வேலியிலும் காலி மனையிலும் ஊதா அவரைப் பூ தெரிந்தால் அது அநேகமாக சென்ட்ரோசீமா. தென்னமெரிக்காவிலிருந்து ரப்பர்த் தோட்டங்களுக்கு மூடுபயிராக வந்து, தோட்டங்கள் போனபிறகும் போகாமல் தங்கிவிட்டது. அதன் இலை மெல்லியது, நுனி கூர்மையானது. காய் பென்சிலைவிட ஒல்லி. சங்குப்பூவின் இலை சிறியது, ஒரு காம்பில் ஐந்து ஏழு என்று இருக்கும். நடுவில் வெள்ளையோ மஞ்சளோ தெரியும் அடர்நீலப் பூ. பெரானாக்கான் வீடுகளில் புலுட் என்ற ஒட்டரிசிக்கு நீலம் ஏற்றுவதும், நாம் சிவனுக்குச் சாத்துவதும் அந்தப் பூவைத்தான். இங்கே அது தோட்டக்கொடி.

கடற்கரையிலேயே குழப்பம் தருபவை மூன்று. அடும்பு, நெய்தல் பாடல்களில் வருகிற அதே அடும்பு, மணலில் இதனோடு பின்னிக்கொண்டு கிடக்கும். அதன் பூ புனல்போல் இருக்கும், இலை ஆட்டுக்குளம்புபோல் இரண்டாகப் பிளந்திருக்கும். மஞ்சள் பூவென்றால் அது விக்னா மரினா, கடலோரப் பயறு. மூன்றாவதுதான் சிக்கல்: கனவாலியா கதார்ட்டிகா. அதுவும் பூர்வீகம், அதே நிறப் பூ. ஆனால் அது மணலில் கிடக்காமல் புதர்மேல் ஏறும், இலை மெலிந்து நுனி கூராகும், காய் உப்பிப் பருத்திருக்கும். இலை நுனி வட்டமாகவோ சற்றே உள்வாங்கியோ இருந்தால் ரோசியா. சந்தேகம் வந்தால் காய்க்கும்வரை பொறுங்கள். காயைப் பார்த்தால் தவறாது.

பூ ஏன் தலைகீழாக இருக்கிறது?

அவரைக் குடும்பத்துப் பூவில் ஐந்து இதழ். மேலே விரிந்து நிற்பது கொடியிதழ், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சிறகிதழ், கீழே இரண்டு சேர்ந்து ஓடம்போல் ஆனது படகிதழ். மகரந்தப்பைகளும் சூல்முடியும் படகுக்குள் ஒளிந்திருக்கும். சாதாரணமாகத் தேனீ சிறகின்மேல் உட்கார்ந்து படகை அழுத்தும். அதன் வயிற்றில் மகரந்தம் ஒட்டும். துவரையிலும் பயற்றங்கொடியிலும் நடப்பது இது.

வாளவரை இனத்தில் பூக்காம்பு முறுக்கிக்கொண்டு பூவைக் கவிழ்த்துவிடுகிறது. கொடியிதழ் கீழே வந்து திண்ணையாகிறது, படகு கூரையாகிறது. திண்ணையில் இறங்கும் வண்டு, அதாவது பெரிய தேனீ, அடியில் இருக்கும் தேனுக்காகத் தலையை உள்ளே நுழைக்கும். உடம்பு பருத்திருந்தால் கூரை மேலே தூக்கிக்கொள்ளும். உள்ளிருந்து மகரந்தப்பையும் சூல்முடியும் வெளிவந்து வண்டின் முதுகில் படும். வண்டு பின்வாங்கியதும் கூரை பழையபடி மூடும். அடுத்த வண்டுக்கும் அதே கதவு திறக்கும்.

முதுகில் படுவதில் ஒரு கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. தேனீ தன் உடம்பை வழித்து மகரந்தத்தைக் குஞ்சுகளுக்குக் கொண்டுபோகும். வயிற்றையும் கால்களையும் எளிதாக வழிக்க முடியும், முதுகின் நடுப்பகுதி கால்களுக்கு எட்டாது. அங்கே ஒட்டிய தூள்தான் அடுத்த பூவரை பத்திரமாகப் போகும்.

தேனுக்கும் பூட்டு உண்டு. பத்து மகரந்தக் கம்பிகளும் சேர்ந்து குழாய்போல் தேனைச் சூழ்ந்திருக்கும். அடியில் இரண்டு சிறு இடைவெளி மட்டும். நாக்கு நீளமாக இருக்கவேண்டும், தலை வலுவாகவும் இருக்கவேண்டும்.

அப்படியானால் எந்தத் தேனீக்கு இந்தப் பூ?

மரத்துளைத் தேனீக்கு. ஊர்ப்பக்கம் கருவண்டு என்போம். பெயரில் வண்டு என்றாலும் இது தேனீ இனமே. சிங்கப்பூரில் மூன்றைக் கண்டுகொள்வது எளிது.

சைலோகோப்பா லாட்டிப்பஸ்: உலகின் மிகப் பெரிய மரத்துளைத் தேனீக்களில் ஒன்று, 3 செ.மீ.க்கு மேல். உடம்பு முழுக்கக் கறுப்பு, இறகில் வெயில் பட்டால் நீலமும் பச்சையும் மின்னும். பறக்கும்போது சின்ன மோட்டார் கிளம்பியதுபோல் சத்தம் வரும். லாட்டிப்பஸ் என்றால் அகலப்பாதம். ஆணின் முன்கால் விரிந்து முடியோடு இருக்கும், கூடும்போது பெண்ணின் கண்ணை அதனால் மூடிவிடும். சைலோகோப்பா எஸ்டுவான்ஸ்: பெண்ணின் மார்பில் மட்டும் மஞ்சள் கம்பளி, மற்றதெல்லாம் கறுப்பு, ஆண் முழுவதும் மஞ்சள். ஒரே இனம் என்று முதலில் யாரும் நம்பமாட்டார்கள். சைலோகோப்பா செருலியா: மார்பு நீலக் கம்பளி போர்த்தியது.

நடுத்தர உடம்புள்ள இலைவெட்டித் தேனீக்களும் அவரைப் பூக்களைத் திறக்கத் தெரிந்தவை. நீலப்பட்டைத் தேனீ வந்து போகும். ஆனால் இந்தப் பூவுக்கு அதன் உடம்பு மெலிவு.

கொசுத்தேனீயும் பொந்துத் தேனீயும் நிறைய வருகின்றன. அவற்றால் பயன் இல்லையா?

வருவது வேறு, வேலை செய்வது வேறு. கொசுத்தேனீ பக்கவாட்டு இடுக்கு வழியாகப் புகுந்து தூளை மட்டும் பொறுக்கிக்கொண்டு போகலாம். சூல்முடியில் அது உரசாமல் போனால் பூவுக்கு நட்டம்தான். பொந்துத் தேனீயின் எடைக்குக் கூரை முழுதாகத் தூக்காது. எண்ணிக்கையைப் பார்த்து மயங்க வேண்டாம். ஒரு மணி நேரத்தில் இருபது கொசுத்தேனீ வந்ததைவிட ஒரு கருவண்டு நாலு பூவில் நுழைந்தது மேல்.

கருவண்டே திருடுவதும் உண்டு. குழாய் நீண்ட வேறு பூக்களில் அது வாசல் வழியே போகாமல் அடியில் கீறித் தேனை உறிஞ்சும். வாளவரைப் பூவின் புல்லிவட்டத்துக்கு அருகே சிறு கீறலோ துளையோ தெரிந்தால் யாரோ பின்வாசல் வைத்திருக்கிறார்கள் என்று பொருள். தேன்சிட்டின் வேலையாகவும் இருக்கலாம்.

கருவண்டு கொட்டுமா? மேசை நாற்காலியைத் துளைக்குமா?

ஆணுக்குக் கொடுக்கே கிடையாது. பாசிர் ரிஸ்ஸிலோ சாங்கியிலோ நடக்கும்போது ஒரு மஞ்சள் தேனீ முகத்துக்கு நேராக அந்தரத்தில் நின்று முறைத்தால் அது ஆண். தன் இடத்தைக் காவல் காக்கிறது, வேறொன்றும் செய்யாது. பெண்ணுக்குக் கொடுக்கு உண்டு. கையில் பிடித்தாலோ மிதித்தாலோ கொட்டும், நன்றாகவே வலிக்கும். பூவில் இருக்கும்போது அரை மீட்டர் தள்ளி நின்று பார்ப்பதில் ஆபத்தில்லை. தேனீக் கொடுக்குக்கு ஒவ்வாமை உள்ளவர்கள் இன்னும் தள்ளியே இருக்கட்டும்.

மரத்தை அது தின்பதில்லை, குடைகிறது. தூள் வெளியே கொட்டும். அதற்குப் பிடித்தது வெயில் காய்ந்த, வண்ணம் பூசாத, மிருதுவான பட்டமரம். வார்னிஷ் போட்ட சாமானை அநேகமாகத் தொடாது. பழைய மரப் பந்தலைத் துளைக்கிறது என்றால், பந்தலுக்கு வண்ணம் பூசி, பக்கத்தில் ஒரு பட்டமரத் துண்டை வையுங்கள். வீடு மாறிக்கொள்ளும்.

பூக்காம்பு முழுக்க எறும்பு. விரட்ட வேண்டுமா?

வேண்டாம், முதலில் பாருங்கள். பூ உதிர்ந்த கணு புடைத்து முடிச்சுப்போல் இருக்கும். அந்த முடிச்சிலிருந்து இனிப்புநீர் சுரக்கும். பூவுக்குள் இருக்கும் தேன் வண்டுக்குக் கூலி. வெளியே கணுவில் இருப்பது எறும்புக்குச் சம்பளம். எறும்பு நடமாடும் காம்பில் புழு முட்டை தங்காது, இளம் காயும் பிழைக்கும்.

ஆனால் முசுறு வேறு விதம். இலைகளைத் தைத்துக் கூடு கட்டும் அந்தச் செவ்வெறும்பு, மலாயில் கெரெங்கா, பூ வரைக்கும் வந்து வண்டையே விரட்டும். அது பூங்கொத்தில் நிரந்தரமாகத் தங்கிவிட்டால் காய்ப்பு குறையும். மருந்து அடிக்காமல், கொடியைத் தொடும் மரக்கிளையை வெட்டிப் பாலத்தை அறுத்துவிட்டால் போதும். எறும்பு கணுவை விட்டுவிட்டுத் தளிர் நுனியில் கூடியிருந்தால் அங்கே அசுவினியோ மாவுப்பூச்சியோ இருக்கிறது. எறும்பு அவற்றை மேய்க்கிறது. தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுங்கள், மூன்று நாளுக்கு ஒருமுறை, இரண்டு வாரம்.

பூ கொத்துக் கொத்தாக வருகிறது, காயே இல்லை. ஏன்?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். முதலில் எதிர்பார்ப்பைச் சரிசெய்துகொள்ளுங்கள். ஒரு கொத்தில் கணுவுக்கு இரண்டு மூன்றாகப் பல பூ விரியும். அவற்றில் ஒன்றிரண்டு காயானாலே கொடி நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். மிச்சத்தைக் கொடியே உதிர்த்துவிடும். 15 செ.மீ. காயைத் தாங்க எத்தனை இலை உழைக்கவேண்டும் என்று எண்ணிப்பாருங்கள்.

ஒன்றுகூட நிற்கவில்லையென்றால், உதிர்ந்த பூவைப் பொறுக்கிப் பார்த்தாலே பாதி விடை தெரியும். படகிதழ் கலையாமல், உள்ளே மகரந்தம் மாவுபோல் அப்படியே இருந்தால் யாரும் கதவைத் திறக்கவில்லை. வண்டு வரவில்லை, அல்லது வந்தவை சின்னவை. உயரமான மாடியில் வைத்த தொட்டிகளில் இது சகஜம். கருவண்டு மரமும் புதரும் இருக்கும் உயரத்தில்தான் அதிகம் சுற்றும். படகு விரிந்து, தூள் குறைந்திருந்தும் காய் நிற்கவில்லையென்றால் சிக்கல் வளர்ப்பில்: தண்ணீர் தேக்கம், நிழல், அல்லது உரம் மிகுதி. பூவில் துளை இருந்து உள்ளே கறுப்புத் துகள் கிடந்தால் புழு.

மழையும் ஒரு காரணம். இங்கே ஆண்டுக்கு 2,100 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. வடகிழக்குப் பருவத்தில், குறிப்பாக டிசம்பரிலும் ஜனவரியிலும், காலை முழுதும் கொட்டும் நாட்கள் உண்டு. பூ விரிவதோ காலையில். சுமாத்ரா புயல்காற்று விடியற்காலை அடித்துவிட்டுப் போனால் அன்றைய பூ அன்றைக்கே வீண். அந்த வாரங்களில் காய் இல்லையென்று கவலைப்படாதீர்கள்.

பூவே வரவில்லையென்றால் வெயில் போதவில்லை. நாளைக்கு 6 மணி நேர நேரடி வெயில் இதற்குக் குறைந்தபட்சம். இரண்டாவது சந்தேகம், யாரோ அன்போடு போட்ட கோழி எரு.

எரு போட்டால் என்ன கெடுதல்?

இது மணலில் பட்டினி கிடந்து பழகிய கொடி. வேரில் முடிச்சுகள் உண்டாகி, அதற்குள் ரைசோபியம் வகைப் பாக்டீரியா காற்றிலிருக்கும் நைட்ரஜனைப் பிடித்துக் கொடுக்கும். மண்ணிலேயே நைட்ரஜன் கொட்டிக்கிடந்தால் கொடி முடிச்சு வைக்காது, இலையை மட்டும் தள்ளும். பச்சைப்பசேலென்று இருக்கும், பூ இருக்காது.

முடிச்சு வேலை செய்கிறதா என்று பார்க்க ஒன்றைக் கிள்ளி நசுக்குங்கள். உள்ளே இளஞ்சிவப்பு என்றால் வேலை நடக்கிறது. வெள்ளை அல்லது பச்சை என்றால் இல்லை. கடையில் வாங்கிய மண்கலவையில் அந்தப் பாக்டீரியா இல்லாமல் போகலாம். தட்டைப்பயறோ நீட்டுப் பயற்றங்காயோ நன்றாக விளைந்த பாத்தியிலிருந்து ஒரு கைப்பிடி மண் எடுத்துக் கலந்துவிடுங்கள். அந்தப் பயிர்களுக்கு உதவும் பாக்டீரியா இதற்கும் ஒத்துப்போகும்.

விதையை எப்படி முளைக்க வைப்பது?

விதைத்தோல் தண்ணீர் புகாதது. அதனால்தான் கடலில் மாதக்கணக்கில் மிதந்தும் அழுகாமல் கரைசேர்கிறது. அப்படியே மண்ணில் புதைத்தால் மாதங்களானாலும் கல்லாகக் கிடக்கும்.

நகவெட்டியாலோ 80 எண் உப்புத்தாளாலோ தோலை ஓரிடத்தில் தேய்த்து, உள்ளே வெளிர்நிறம் தெரிந்ததும் நிறுத்துங்கள். விதையின் தழும்பு இருக்கும் பக்கத்தைத் தொடாதீர்கள், முளை அங்கேதான் இருக்கிறது; நேர் எதிர்ப்பக்கத்தில் தேய்க்கவேண்டும். பிறகு சாதாரணத் தண்ணீரில் 12 முதல் 24 மணி நேரம். ஊறிய விதை இரண்டு மடங்காக உப்பும். உப்பாததை எடுத்து இன்னொரு தடவை தேய்த்து மறுபடி ஊறவையுங்கள். 24 மணி நேரத்துக்கு மேல் ஊறினால் தண்ணீர் நாறும், முளை அழுகும். கொதிநீர் ஊற்றும் வழியைப் பலர் சொல்கிறார்கள். நாங்கள் சொல்லமாட்டோம், பாதி விதை வெந்துவிடும்.

2 செ.மீ. ஆழத்தில், ஒரு தொட்டிக்கு ஒன்றாக நடுங்கள். ஒன்றிரண்டு வாரத்தில் முளைக்கும். வேர் கலைவதை இது விரும்பாது, ஆகவே நாற்றை இடம் மாற்றாமல் கடைசித் தொட்டியிலேயே விதைப்பது நல்லது. மாற்றித்தான் ஆகவேண்டுமென்றால் மக்கும் தாள்குவளையில் விதைத்துக் குவளையோடு புதையுங்கள். முளைத்த முதல் பத்து நாள் நத்தையும் வெட்டுப்புழுவும்தான் எதிரி. அடி வெட்டிய பிளாஸ்டிக் போத்தலைச் சுற்றி வைத்தால் தப்பும்.

விதைக்கு எங்கே போவது? கடற்கரையில் எடுக்கலாமா?

பூங்காக்களிலும் இயற்கை வனப்பகுதிகளிலும் அனுமதியில்லாமல் செடி, பூ, விதை எதையும் எடுப்பது சட்டப்படி குற்றம். ‘கீழே விழுந்ததுதானே’ என்ற சமாதானம் வேண்டாம். பூர்வீகச் செடிகள் விற்கும் நாற்றங்காலிலோ சமூகத் தோட்டத்தில் ஏற்கெனவே வளர்ப்பவரிடமோ கேளுங்கள். தேசியப் பூங்காக் கழகம் 2005 முதல் நடத்திவரும் சமூகத் தோட்டத் திட்டத்தில் இப்படி விதை கைமாறுவது வழக்கம். இணையத்தில் வாங்கினால் காயின் படத்தையும் கேளுங்கள். சென்ட்ரோசீமாவை இதே பெயரில் தலையில் கட்டிவிட முடியும்.

கடலோர வாளவரை கிடைக்கவில்லையென்றால் காய்கறி வாளவரையை நடலாம். பூ வெள்ளையோ இளஞ்சிவப்போ, ஆனால் அதே தலைகீழ் அமைப்பு, அதே கருவண்டு வரும். பூர்வீகக் கொடி வளர்த்த கணக்கில் சேராது, வண்டுக்கு அந்தக் கணக்கு தெரியாது.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் வளர்க்க முடியுமா?

முடியும், ஆனால் சிறந்த இடம் அதுவல்ல. தாழ்வாரத்தில் வைத்தால் நடைபாதை 1.2 மீட்டராவது தடையின்றி இருக்கவேண்டும்; தீ என்றால் ஓடுகிற வழி அது. கைப்பிடிச் சுவர்மேல் தொட்டி வைக்கக்கூடாது. கொடியைப் பக்கத்து வீட்டு வாசல்வரை ஓடவிட்டால் பெரும்பாலும் நகர மன்றத்துக்குப் புகார் போகும், அதுவும் நியாயமே.

தொட்டி 35 செ.மீ. அகலம், அதே ஆழம், அடியில் ஐந்தாறு துளை. கலவையில் முக்கால் பங்கு கழுவிய ஆற்று மணல், கால் பங்கு சாதாரணத் தோட்டமண். மேல்மண் இரண்டு விரற்கடை காய்ந்தபிறகே தண்ணீர். முழுதாக ஊற்றி முழுதாக வடியவிடுங்கள். அடித்தட்டு வைக்காமலிருப்பது இரட்டை லாபம்: வேர் அழுகாது, ஏடிஸ் கொசுவும் முட்டையிடாது. தட்டு தேவையென்றால் ஒருநாள் விட்டு ஒருநாள் கவிழ்த்துத் துடையுங்கள். மேல்மண் இறுகிப்போய்த் தண்ணீர் தேங்கினாலும் கொசு வரும், குச்சியால் கிளறிவிடுங்கள். கொடி 1.5 மீட்டர் வந்ததும் நுனியைக் கிள்ளினால் பக்கக்கிளை வரும், பூவும் கூடும்.

வாடகைத் தோட்டப்பாத்தி கிடைத்தவர்களுக்கு இது எளிது. 2.5 மீட்டருக்கு 1 மீட்டர் பாத்தியில் ஒரு கொடிக்கு மேல் வேண்டாம். இரண்டு நட்டால் கத்தரிக்காய்க்கு இடமிருக்காது.

வண்டு வராத மாடியில் கையால் மகரந்தம் சேர்க்கலாமா?

காலை 8 மணியிலிருந்து 10 மணிக்குள், அன்று விரிந்த பூவில். இடக்கைப் பெருவிரலால் கொடியிதழைக் கீழ்நோக்கிப் பிடித்துக்கொண்டு, மொட்டையான தீக்குச்சியால் படகிதழை மெதுவாக மேலே தூக்குங்கள். மகரந்தப்பை வெளியே நீளும். மெல்லிய வண்ணத்தூரிகையால் தொட்டு, இன்னொரு கொடியின் பூவில் அதேபோலத் திறந்து, சூல்முடியில் இரண்டு மூன்று தடவை உரசுங்கள். உரசுவது முக்கியம், தூவினால் போதாது. ஒரே கொடிதான் இருக்கிறதென்றால் அதன் பூக்களுக்குள்ளேயே செய்யலாம். வாளவரை இனங்கள் பல தன் மகரந்தத்தையும் ஏற்கும். ஒரு கொத்துக்கு மூன்று பூ செய்தால் போதும். பலமாகத் தூக்கினால் படகு கிழியும், அந்தப் பூ மாலைக்குள் உதிர்ந்துவிடும்.

கருவண்டு நிரந்தரமாகத் தங்க என்ன செய்வது?

கொடியை மட்டும் நட்டுவிட்டு வண்டுக்குக் காத்திருப்பது, கடை திறந்துவிட்டு ஊரே இல்லாத இடத்தில் வாடிக்கையாளரைத் தேடுவதுபோல. வண்டுக்கு மூன்று தேவை: குடியிருக்கப் பட்டமரம், வருடம் முழுதும் தேன், குஞ்சுக்கு மகரந்தம். வாளவரை இரண்டாவதில் ஒரு பங்கைத்தான் தரும்.

சிங்கப்பூரில் தட்டுப்பாடு பட்டமரத்துக்குத்தான். காய்ந்த கிளை யார் தலையிலாவது விழுமென்று உடனே வெட்டி எடுத்துவிடுகிறார்கள். நடைபாதைமேல் அது சரி. சமூகத் தோட்டத்தின் வெயிலான மூலையில் அந்தப் பயம் இல்லை. 15 செ.மீ. குறையாத விட்டமும் ஒரு மீட்டர் நீளமும் உள்ள, மருந்து ஏற்றாத காய்ந்த மரத்துண்டை எடுத்து, தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில், படுக்கைவாட்டில், அசையாமல் கட்டுங்கள். ஈரத்தில் கிடந்து உளுத்த மரம் ஆகாது, கூடு இடியும். இலைவெட்டித் தேனீக்கு 6 முதல் 10 மில்லிமீட்டர் துளையுள்ள மூங்கில் துண்டுகள், 15 செ.மீ. நீளம், ஒரு பக்கம் கணு மூடியிருக்கவேண்டும். இரு பக்கமும் திறந்த மூங்கிலை அழகுக்குத்தான் வைக்கலாம். மழை உள்ளே அடிக்காமல் மேலே ஒரு தகடு. ஓராண்டு ஆன மூங்கிலை மாற்றிவிடுங்கள், பூஞ்சையும் சிலந்திப்பேனும் சேரும்.

கருவண்டு வேகமாகப் பெருகும் உயிரல்ல. குடைந்த குழாயில் ஒரு மகரந்த உருண்டை, அதன்மேல் ஒரு முட்டை, மரத்தூளால் ஒரு தடுப்புச்சுவர், இப்படிச் சில அறைகள்தான். கூட்டோடு ஒரு கட்டையைக் குப்பையில் போட்டால் ஒரு தலைமுறையே போய்விடும். துளை உள்ள கட்டையை வெட்டுமுன் காதை வைத்துக் கேளுங்கள்.

சாப்பாட்டுக்கு எருக்கு நடுங்கள். பிள்ளையாருக்கு மாலை கட்டும் அந்தப் பூவைத் தேடி முதலில் வருவது கருவண்டுதான், எருக்கின் மகரந்தத்தைச் சுமப்பதும் அதுவே. மகரந்தத்துக்கு செண்டுடோக், சிம்போ ஆயர் என்ற புதர்கள் நல்லவை, இரண்டும் பூர்வீகம். அவற்றின் பூவைப் பிடித்துக்கொண்டு வண்டு உடம்பை அதிரவிட்டுத் தூளைக் கொட்டவைக்கும். காலை நேரம் அருகில் நின்றால் சத்தம் மாறுவது கேட்கும்.

பூவைப் புழு தின்கிறது. மருந்து அடிக்கலாமா?

மொட்டிலும் இளங்காயிலும் சிறிய பச்சைப்புழு என்றால் அநேகமாக நீலன் வகை வண்ணத்துப்பூச்சியின் குஞ்சு. லாம்ப்பிடிஸ் போட்டிக்கஸ் அவற்றில் ஒன்று. அவரைக் குடும்பப் பூக்களே அதற்கு உணவு. எறும்பு இவற்றைத் தின்னாமல் காவல் நிற்பதும் உண்டு, புழுவின் முதுகில் சுரக்கும் இனிப்புக்காக. பூர்வீகக் கொடி வளர்ப்பதன் நோக்கத்தில் இந்தப் பூச்சியும் சேர்த்திதான். பத்துக் கொத்தில் இரண்டை விட்டுக்கொடுங்கள். மிஞ்சினால் கையால் எடுங்கள்.

வேப்பெண்ணெய்க் கரைசல்கூட மாலை 7 மணிக்கு மேல், பூவில் படாமல், இலையடியில் மட்டும். கொசுவுக்குப் புகையடிக்கும் அறிவிப்பு வந்தால் அதில் இருப்பது தேனீயையும் கொல்லும் மருந்து என்பதை நினைவில் வையுங்கள். தேனீக்கூண்டை அன்று மூடிவைத்து மறுநாள் திறக்கலாம். தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொண்டால் புகையின் தேவையே குறையும்.

காயைச் சமைக்கலாமா?

இந்தக் காட்டு இனத்தை வேண்டாம். வாளவரை இன விதைகளில் கனவானின் என்ற நச்சு அமினோ அமிலமும் கான்கனவாலின் என்ற புரதமும் உண்டு. காய்கறி வாளவரையிலேயே பிஞ்சைத்தான் நன்றாக வேகவைத்து உண்கிறோம், முற்றிய விதையை ஊறவைத்துத் தண்ணீர் மாற்றித்தான் தொடுகிறோம். குழந்தைகள் இருக்கும் வீட்டில் முற்றிய காயைக் கொடியில் வெடிக்கவிடாதீர்கள்.

வளர்த்த நாற்றை ஈஸ்ட் கோஸ்ட் மணலில் நட்டுவிடலாமா?

நல்லெண்ணம்தான், செய்யாதீர்கள். பூங்காவில் சொந்தமாக நடுவதற்கு அனுமதி இல்லை. தொட்டி மண்ணோடு களைவிதையும் நத்தை முட்டையும் சேர்ந்து போகும். ஈஸ்ட் கோஸ்ட் 1966 முதல் கடலை நிரப்பி உண்டாக்கிய நிலம். விடுதலையின்போது ஏறத்தாழ 580 சதுர கிலோமீட்டராக இருந்த நாடு இப்போது 730க்கும் மேல். கரையின் பெரும்பகுதி கல் அடுக்கிய சுவர். இந்தக் கொடிக்கு வேண்டியதோ அலை எட்டாத, ஆனால் உப்புக்காற்று வீசும் மணல்மேடு. அப்படிப்பட்ட மணல் இருக்கும் இடத்தில் விதை தானே வந்து ஒதுங்கும். மணலைக் கூட்டிப்பெருக்கி, கொடியைக் குப்பையென்று இழுத்துப்போடாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது.

பிள்ளைகளோடு போய்ப் பார்க்க எது நல்ல நேரம்? எதைக் குறிக்கவேண்டும்?

மழை பெய்யாத நாள், காலை 8 முதல் 10 வரை. ஒரு கொத்தைத் தேர்ந்து, விரிந்த பூ எத்தனை என்று எண்ணிக்கொண்டு 15 நிமிடம் அசையாமல் நில்லுங்கள். வருகிற ஒவ்வொன்றுக்கும் மூன்று கேள்வி: எவ்வளவு பெரிது, வாசல் வழியே போனதா பின்வாசல் வழியா, கூரை தூக்கியதா. முதுகில் மஞ்சள் தூள் தெரிந்தால் படம் எடுங்கள், பறந்தபிறகு எடுக்க முடியாது. நிழல் பூமேல் விழாதபடி வெயிலுக்கு எதிர்ப்பக்கம் நிற்கவேண்டும். நிழல் விழுந்தால் கருவண்டு இறங்காமலே போய்விடும். இரண்டு வாரம் கழித்து அதே கொத்தில் பிஞ்சு எத்தனை என்று பார்த்தால், எந்த வருகை உண்மையில் வேலை செய்தது என்று கொடியே காட்டிவிடும்.